ஐந்தாவது கேள்வி

மண்டி மொகல்லாவில் புளியும் சீயக்காயும் மொத்த வியாபாரம் செய்த சித்தையனுக்கு மைசூர் பிரதிநிதி சபையில் கேள்விப்புலி என்று பெயர். அது முப்பதுகளின் தொடக்கம். ஜகன்மோகன அரண்மனை மண்டபத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை, தசராவுக்கு ஒன்றும் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு ஒன்றுமாகச் சபை கூடும். ஒவ்வொரு கூட்டத்திலும் சித்தையன் பெயரில் நாலு கேள்வியாவது அச்சில் இருக்கும். மண்டி மொகல்லாவில் குழாய்கள் எத்தனை, அவற்றில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, வராத நேரத்தில் பெண்கள் எங்கே போவதாகச் சர்க்கார் நினைக்கிறது என்று கேட்பார். கூரை ஒழுகும் பெண்பள்ளிகள் எத்தனை, மழைக்காலத்தில் அங்கே பாடம் நடக்கிறதா, நடந்தால் எந்த மூலையில் என்று கேட்பார். பதில் சொல்ல எழும் காரியதரிசிகள் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். மறுநாள் பத்திரிகையில் வரும். புலிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புலிக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது.

பேசத் தெரியும். மண்டியில் நாள் முழுக்கக் கன்னடத்தில்தான் பேரம், சண்டையும் அதிலேதான். எழுத்து என்று வந்தால், தமிழ் எல்லையோரத்துச் சொந்த ஊரான கௌதள்ளியில் சின்ன வயசில் கற்ற தமிழ் மட்டுமே. கன்னட எழுத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே சுழியாகத் தெரியும். அதையும் வெளியே சொல்ல மாட்டார். நல்ல வேளையாகச் சபையில் படிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கேள்விகளைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிச் சபை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் எண் போட்டு அச்சடித்துவிடுவார்கள். கூப்பிடும்போது எழுந்து, கேள்வி எண் நாற்பத்தொன்று என்று சொன்னால் போதும், மீதியைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். ஓர் எண்ணை மனப்பாடம் செய்ய எழுத்து எதற்கு?

கேள்விகளை எழுதியது அவருடைய மருமகள் கௌரம்மா. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெண், அங்கே கன்னடப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். சித்தையனின் ஒரே மகன் லிங்கப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். எட்டாவது மாதம் லிங்கப்பன் விஷஜுரத்தில் போய்விட்டான். அடுத்த வருஷம் சித்தையனின் மனைவி மல்லம்மாவும் போனாள். அவ்வளவு பெரிய வீட்டில் மிஞ்சியது மாமனாரும் மருமகளும், வீட்டு வேலைக்கு இருந்த கெம்பம்மாவும்தான்.

அவர்கள் குடும்ப வழக்கத்தில் மருமகள் மாமனார் எதிரே வந்து நிற்கக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது. மாமியார் இருந்தால் அவள் மூலமாகப் பேச்சு போகும். மாமியார் இல்லாத இந்த வீட்டில் அந்த உத்தியோகம் கெம்பம்மாவுக்கு வந்து சேர்ந்தது. சித்தையன் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ரெண்டு ரொட்டி போதுமுன்னு சொல்லு கெம்பம்மா" என்பார். அது சமையலறைக்குள் நன்றாகவே கேட்கும். இருந்தாலும் கெம்பம்மா உள்ளே போய், "ஐயாவுக்கு ரெண்டு ரொட்டி சாக்கந்தே" என்று ஒரு தடவை சொன்னால்தான் அது சொன்னதாக ஆகும். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். மூன்றடி அகலக் கதவைக் கடப்பதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆள் துணை வேண்டியிருந்தது.

வியாபாரிகள் அவரைச் சபைக்குத் தேர்ந்தெடுத்த முதல் வருஷம் அவர் வாயே திறக்கவில்லை. பேட்டாத் தலைப்பாகை கட்டிக்கொண்டு போனார், உட்கார்ந்தார், வந்தார். மண்டியில் கிண்டல் தாங்க முடியவில்லை. ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து கெம்பம்மாவிடம் புலம்பினார்.

"எதையாச்சும் கேக்கோணுமாமா. நான் என்னத்தக் கண்டேன் கேக்கறதுக்கு? புளி வெலயக் கேக்கறதா?"

மறுநாள் காலை காப்பித் தம்ளரோடு ஒரு காகிதமும் வந்தது. குண்டு குண்டான எழுத்தில் நாலு கேள்விகள். "நம்ம அம்மாவரு எழுதினது சாமி. கொழாய்த் தண்ணி விஷயமந்தே," என்றாள் கெம்பம்மா. சித்தையன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நேராகச் சபை ஆபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஆறு வருஷமாக இதுதான் முறை. காகிதம் வரும், பையில் போகும், ஆபீசில் சேரும். தான் என்ன கேட்டோம் என்பது சபையில் பதில் வாசிக்கும்போதுதான் அவருக்கே முழுசாகத் தெரியவரும்.

கூட்டம் நடக்கும் நாட்களில் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்காருவார். கெம்பம்மா எதிரே சுவரில் சாய்ந்து உட்காருவாள். அவளிடம் சொல்வதுபோல அன்று சபையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வார். காரியதரிசி எப்படித் திணறினார், யார் சிரித்தார்கள், எந்தப் பதில் மழுப்பல் எல்லாம் சொல்வார். கெம்பம்மா பாதியிலேயே தூங்கிவிடுவாள். அவர் நிறுத்த மாட்டார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுபோயிருக்கும், அது ஒன்றே அவருக்குப் போதும். மனைவியும் மகனும் போன பிறகு அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவருக்கு வீடு என்று ஒன்று இருந்தது. சபை கூடாத மாதங்களில் மண்டியிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்.

சர்க்காரை இத்தனை கேள்வி கேட்ட மனுஷர், தன் வீட்டில் இருந்த பெண்ணிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா, உடம்புக்கு என்ன, இங்கே இருக்கப் பிடித்திருக்கிறதா, எதுவும் இல்லை. இதையெல்லாம் கெம்பம்மா மூலமாகக் கேட்க முடியுமா என்ன?

அந்த வருஷம் தசராக் கூட்டத்துக்கு ஒரு மசோதா வந்தது. கணவனை இழந்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டுச் சொத்தில் பங்கு உண்டு, அதை அவள் பிரித்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். சபையின் அபிப்பிராயத்தைக் கேட்க நகல்களை அங்கத்தினர்கள் வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். வழக்கம்போலச் சித்தையன் அதை மேஜைமேல் வைத்தார். வழக்கம்போல அது உள்ளே போய், படிக்கப்பட்டு, மறுநாள் திரும்பி மேஜைக்கு வந்தது. அதோடு காகிதம் எதுவும் வரவில்லை.

"எழுதறதுக்கு ஒண்ணுமில்லயான்னு கேளு," என்றார் கெம்பம்மாவிடம்.

கெம்பம்மா உள்ளே போய் வந்தாள். "இந்தத் தடவ ஏனும் இல்லவந்தே சாமி."

அந்த 'ஒன்றும் இல்லை'யை அவரால் தாண்டிப் போக முடியவில்லை. குழாய்க்கும் கூரைக்கும் பக்கம் பக்கமாக எழுதியவள், தன் தலையெழுத்தைப் பற்றிய மசோதாவுக்கு ஒரு வரி எழுதவில்லை என்றால் மனசில் ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அந்த மாதம் கௌரம்மாவின் அண்ணன் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இரண்டு தடவை வந்து போயிருந்தான். பின்கட்டில் தங்கையோடு என்ன பேசினான் என்று தெரியாது. சித்தையன் கேட்கவும் இல்லை.

கேட்காத இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குத் தண்ணீர் ஊற்றியவர் வெல்ல மண்டி நஞ்சுண்டசாமி. அவரும் சபை அங்கத்தினர். தம்பி மனைவி ஒருத்தி விதவையாக அவர் வீட்டில் இருந்தாள். மசோதா நகல் வந்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இது மட்டும் சட்டமாகட்டும், மறுநாளே உங்க மருமக அண்ணன் வண்டியோட வாசல்ல நிப்பான் பாருங்க. பங்கையும் வாங்கிட்டு, பொண்ணையும் ஏத்திட்டுப் போயிடுவான். அப்புறம் அந்த வீட்டுல நீங்களும் பல்லியும்தான்," என்றார்.

சொத்து போவது பற்றிச் சித்தையனுக்குப் பெரிய கவலை இல்லை; அதை யாருக்குக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறார்? பல்லி என்ற சொல்தான் சுருக்கென்று தைத்தது.

ஓட்டெடுப்பு நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. வழக்கமாக ஒரு மசோதாவுக்கு ஆதரவானவர்கள் சேர்ந்து குரல் கொடுப்பார்கள், பிறகு எதிரானவர்கள் குரல் கொடுப்பார்கள், எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று பார்த்து முடித்துவிடுவார்கள். சித்தையனும் அதைத்தான் நம்பி வந்திருந்தார். நாலு பேரோடு சேர்ந்து வாய்க்குள் முனகிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டெடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். அது விதியில் உண்டு. சபை குமாஸ்தா யக்ஞநாராயணன் நீளமான பட்டியலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஒவ்வொருவராக எழுந்து, ஆதரவென்றால் 'பர' என்றும் எதிர்ப்பென்றால் 'விரோத' என்றும் சொன்னார்கள். தன் பெயர் வரும்வரை சித்தையன் ஒவ்வொரு பெயராக எண்ணிக்கொண்டிருந்தார். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சமையலறைக் கதவு ஞாபகம் வந்தது. அதற்கு அப்பால் யாருமே இல்லாத ஒரு சாயங்காலமும் கூடவே கண்முன் வந்தது. யக்ஞநாராயணன் பெயர் சொல்லி நிமிர்ந்தார். சித்தையன் எழுந்து, "விரோத" என்றார். நஞ்சுண்டசாமி பக்கத்திலிருந்து தொடையில் தட்டிக்கொடுத்தார்.

இவ்வளவு பாடும் வீணாகிப்போனது. மசோதா தாராளமாகவே ஆதரவு பெற்றுவிட்டது. ஆறு மாதத்தில் சட்டமாகிவிடும் என்று மண்டபத்துப் படியிலேயே பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் சித்தையன் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். யார் காரசாரமாகப் பேசினார், யாருடைய பேட்டா நழுவியது என்றுகூடச் சொன்னார். மசோதாவுக்கு ஆதரவு கிடைத்ததையும் சொன்னார். பெயர் சொல்லி ஓட்டெடுத்ததை மட்டும் விட்டுவிட்டார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அவர் சொல்லி முடித்த பிறகும் வெகுநேரம் அது தொடங்கவில்லை.

மண்டிக் கணக்குப்பிள்ளையை விட்டுப் பத்திரிகையைப் படிக்கச் சொன்னார். மொத்த எண்ணிக்கை மட்டும் வந்திருந்தது, பெயர்கள் இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஆனால் பிப்ரவரியில் சபை நடவடிக்கைப் புத்தகம் அச்சாகித் தபாலில் வந்தது. வருஷா வருஷம் அது மண்டிக்குத்தான் வரும். அவர் வீட்டுக்கு எடுத்துப் போவார். ஒட்டியிருக்கும் பக்கங்களைக் கௌரம்மா கத்தியால் பிரித்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள். அந்தப் புத்தகத்தின் கடைசியில் யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள் என்று பெயர் பெயராக இருக்கும். சித்தையன் புத்தகத்தைப் பிரிக்காமலே சீயக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் செருகிவிட்டார்.

பதினைந்து நாள் கழித்துக் கெம்பம்மா வந்து நின்றாள். "அம்மாவரு கேக்கறாங்க, சபா புஸ்தகம் வரலயான்னு."

"இன்னும் அச்சாகலயாம்."

அடுத்த மாதமும் கேள்வி வந்தது. "அச்சாபீசுல தாமசமாம்," என்றார். எத்தனையோ காரியதரிசிகளின் மழுப்பலைக் கேட்டுச் சிரித்தவர், எதிர்ப்பக்கத்து நாற்காலிக்குத் தானே போய்ச் சேர்ந்திருந்தார். மூன்றாவது மாதம் கேள்வி வரவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். ஆண்களுக்கு இந்த மாதிரி நினைத்துக்கொள்வதில் ஒரு சாமர்த்தியம் உண்டு.

மே மாதக் கடைசியில், பிறந்தநாள் கூட்டத்துக்காக, காப்பியோடு காகிதம் வந்தது. சித்தையனுக்கு உயிர் வந்தது போலிருந்தது. எழுதியிருக்கிறாள்! கோபம் இல்லை, போகும் எண்ணம் இல்லை, எல்லாம் பழையபடி. காகிதத்தை ஆசையாக ஒரு தடவை பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதுவும் சந்தோஷமாகவே இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சபை ஆபீசுக்கு நடந்தார்.

யக்ஞநாராயணன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை வாங்கினார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்த குடும்பம். சித்தையனிடம் தமிழில்தான் பேசுவார்.

"வாங்கோ, உக்காருங்கோ. என்ன விஷயம் இந்தத் தடவை, பாப்போம். ஒண்ணு, சாக்கடை. ரெண்டு, பெண்பள்ளி வாத்தியாரம்மா நியமனம். மூணு, அம்மை குத்தறது. நாலு, பொது வாசகசாலையிலே பெண்களுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கலாமாங்கறது. பேஷ். அஞ்சு..."

அவர் குரல் நின்றது. கண்ணாடிக்கு மேலாகச் சித்தையனைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இதை நீங்க பாத்தேளா?"

"பாத்தேனுங்க," என்றார் சித்தையன். பொய் இல்லை, பார்த்தார்தான்.

யக்ஞநாராயணன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, கன்னடத்தில் இருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"கேள்வி அஞ்சு. அ: மண்டி மொகல்லாவைச் சேர்ந்த ஓர் அங்கத்தினர் சென்ற தசராக் கூட்டத்தில் விதவைகளின் பங்கு பற்றிய மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டது உண்மையா? ஆ: உண்மையானால், அப்படி ஒரு விதவை தம் வீட்டிலேயே இருப்பது அந்த அங்கத்தினருக்குத் தெரியுமா? இ: சபைப் புத்தகம் வந்து மூன்று மாதமாகியும் வரவில்லை என்று பதில் சொன்னதற்குக் காரணம் என்ன?"

சித்தையன் படிக்காமலே கொண்டுபோய்க் கொடுப்பார் என்பது கௌரம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். வேறு ஆள் வாயால்தான் இதைக் கேட்பார் என்றும் தெரியும். ஆனால் அவள்தான் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியைக் கெம்பம்மாவிடம் சொல்லி அனுப்ப முடியாது.

"என்ற மருமக எழுதறதுங்க," என்றார் கடைசியில். "இத்தன வருசமும் அவதான் எழுதினது. எனக்குக் கன்னடம் படிக்க வராது." ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னதும் அவருக்கு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

யக்ஞநாராயணன் அடிக்கோலை வைத்து நாலாவது கேள்விக்குக் கீழே காகிதத்தை நேராகக் கிழித்தார். மேல் துண்டைக் கோப்பில் வைத்தார். கீழ்த் துண்டைச் சித்தையன் கையில் கொடுத்தார்.

"இதுக்குச் சர்க்கார் பதில் சொல்ல முடியாது. விதிப்படி திருப்பிக் கொடுக்கறேன். நான் படிக்கலைன்னே வச்சுக்கோங்கோ."

சித்தையன் மண்டிக்குப் போகவில்லை. உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டே, "கெம்பம்மா" என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

"கெம்பம்மா சந்தைக்குப் போயிருக்கா," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

ஏழு வருஷத்தில் நேராக அவருக்கென்று வந்த முதல் பேச்சு அதுதான். சித்தையன் காகிதத் துண்டைக் கையில் பிடித்தபடி சமையலறைக் கதவுக்கு எதிரே போய் நின்றார்.

"அஞ்சாவது கேள்விய ஆபீசுல திருப்பிக் குடுத்துட்டாங்க."

துண்டைக் கதவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"மொதல்ல கேட்டதுக்குப் பதில், ஆமா. விரோதந்தான் சொன்னேன். ரெண்டாவது..." துண்டைக் கீழே இறக்கினார். "தெரியுமம்மா. தெரிஞ்சதுனாலதான் போட்டேன். பங்கு கைக்கு வந்துருச்சுன்னா நீ உங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவீன்னு பயந்துட்டேன். மல்லம்மாவும் போயிட்டா, பையனும் போயிட்டான். நீயும் போயிட்டா இந்த ஊட்டுல நான் யாருகிட்டச் சொல்லுவேன்? மூணாவதுக்கும் அதே பதில்தான். பயந்தான்."

உள்ளே பாத்திரம் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கௌரம்மா நிலைப்படிக்கு வந்து நின்றாள். முக்காடு இருந்தது, முகம் தெரிந்தது. இருபத்தைந்து வயசுக்கு மெலிந்த முகம், நெற்றியோரம் இரண்டு நரை. தெருவில் எதிரே வந்திருந்தால் இன்னார் என்று அடையாளம் தெரிந்திருக்காது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா ரெண்டு தடவை வந்து கூப்பிட்டான், மாமா. ரெண்டு தடவையும் வரமாட்டேன்னேன். எனக்கு இங்கே வேலை இருக்குன்னேன்." நிறுத்தி நிறுத்திப் பேசினாள், நேராகப் பேசி அவளுக்கும் பழக்கமில்லை. "நீங்க ஓட்டுப் போட்ட நாலாம் நாளே எனக்குத் தெரியும். நஞ்சுண்டசாமி ஐயா மார்க்கெட் பூரா சொல்லியாச்சு. கெம்பம்மா குழாயடியிலே கேட்டுட்டு வந்து சொன்னா. நீங்களாச் சொல்வீங்கன்னு காத்துட்டிருந்தேன். அதுக்குத்தான் புஸ்தகத்தைக் கேட்டேன், அதுவும் ரெண்டு தடவை. மத்தவங்களுக்கெல்லாம் புஸ்தகம் வந்தாச்சுன்னும் அவதான் சொன்னா."

"அந்த மசோதாவப் பத்தி நீ ஒண்ணுமே எழுதலியேம்மா. அதுலதான் நான்..."

"எனக்காக நானே எழுதி உங்க கையிலே கொடுக்கறதா? மத்ததெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அது ஒண்ணாவது நீங்களா எழுந்து நின்னு சொல்லணும்னு இருந்தேன்."

சித்தையன் தலை குனிந்துகொண்டார்.

"இத்தனை வருஷமும் நான் போக்கிடம் இல்லாம இங்கே இருக்கேன்னு நினைச்சிருக்கீங்க," என்றாள். அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "வழி கிடைச்சா போயிடுவேன்னு பயந்தா, வழி இல்லாமதான் இருக்கேன்னுதானே அர்த்தம்? நான் அப்படி இருக்கலை, மாமா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இனிமே இங்கே இருந்தா, நீங்க நினைச்சதுதான் நிஜமாகும்."

அவள் உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் அண்ணனுக்குக் கடிதம் போட்டு வரவழைத்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஓர் ஆள் தேடுகிறார்களாம், அங்கே போகிறாள் என்று கெம்பம்மா சொன்னாள். பங்கு பற்றிப் பேச்சே எழவில்லை. ஜட்கா வண்டி வாசலில் நின்றபோது சித்தையன் கூடத்தில் நின்றார். இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிராக ஓட்டுப் போட்ட வாய் அதைச் சொல்லக் கூசியது. கௌரம்மா கீழே விழுந்து கும்பிட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வண்டியில் ஏறினாள். கெம்பம்மா வாய்விட்டு அழுதாள். அவருக்கு அழவும் வரவில்லை.

ஜூனில் சபை கூடியது. ஐந்தில் நாலு கேள்வி அச்சில் இருந்ததே, கூப்பிட்டால் எழுந்துதானே ஆக வேண்டும்? எண்களைச் சொன்னார், பதில்களைக் கேட்டார். சாக்கடைக்குத் திட்டம் இருந்தது. வாத்தியாரம்மா நியமனம் ஆலோசனையில் இருந்தது. அம்மை குத்துபவர்கள் போதுமான அளவு இருந்தார்கள். நாலாவதற்குக் காரியதரிசி எழுந்து, வாரத்தில் ஒருநாள் பிற்பகல் வாசகசாலையைப் பெண்களுக்கென்றே திறந்து வைக்க உத்தரவு போகும் என்று சொன்னார். மேஜையைத் தட்டினார்கள். நஞ்சுண்டசாமிகூடத் தட்டினார். அந்த வாசகசாலை சித்தையன் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. கௌரம்மா அதை யாருக்காகக் கேட்டாள் என்று அவருக்கு அந்த மேஜைச் சத்தத்தின் நடுவில் புரிந்தது.

வீட்டுக்குப் போய்க் கெம்பம்மாவை எதிரே உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது பதிலில் நிறுத்திவிட்டார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் தன் குரல் இவ்வளவு பெரிசாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் கூட்டம் முடிந்ததும் யக்ஞநாராயணனைத் தேடிப் போனார்.

"ஒரு கடுதாசி எழுதித் தரோணுங்க. கன்னடத்துல. அவளுக்குத் தமிழ் படிக்க வராது, எனக்குக் கன்னடம் எழுத வராது."

யக்ஞநாராயணன் காகிதத்தை எடுத்தார். நாலு பதில்களையும் சித்தையன் சொல்லச் சொல்ல எழுதினார். வாசகசாலைப் பதிலை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார் சித்தையன். எல்லாம் சரியாக இருந்தது.

"வேற ஏதாவது சேக்கணுமா?"

சித்தையன் ஜன்னலைப் பார்த்தார். "திரும்பி வருவியான்னு கேளுங்க," என்றார்.

யக்ஞநாராயணன் எழுதினார். பேனா நின்றதும் சித்தையன் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாமுங்க. அத அடிச்சிருங்க. சௌக்கியமான்னு மட்டும் கேளுங்க. அதுவே நான் கேட்டதில்ல."

யக்ஞநாராயணன் அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே சௌக்கியமா என்று எழுதினார். மை காய்வதற்காகக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அடிச்சது நன்னாவே படிக்கத் தெரியறது. வேற காகிதத்திலே சுத்தமா எழுதித் தரட்டுமா?"

சித்தையன் அந்தக் கோட்டைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த எழுத்து அவருக்குச் சுழியாகத்தான் தெரிந்தது.

"இருக்கட்டுமுங்க," என்றார். "அப்படியே அனுப்பிருங்க."